கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள தூரம்

(பங்கின் பொன்விழாக் குடும்ப நாளன்று மாலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"மது விற்பனையை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா?" என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. தந்தை அவர்கள் இதைச் சொன்னபோது, "சாமி, இதைப் பேசினால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களே" என்றேன். "அந்தப் பாதிப் பேருக்காகத்தான் உங்களைக் கேட்கிறேன்" என்றார். ஆகவே குற்றம் என்னுடையது அன்று. எனக்குப் பிறகு இளைஞர்களின் நாடகம் இருக்கிறது. வேடம் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு மணி அடித்துப் பழகியவன் நான், நேரத்துக்கு முடித்துவிடுவேன்.

நம் பங்கு பிறந்த ஆண்டு 1975. அந்த ஆண்டு நம் ஊரிலோ சுற்று வட்டாரத்திலோ சட்டப்படி நடந்த ஒரு சாராயக் கடையும் கிடையாது, ஒரு கள்ளுக் கடையும் கிடையாது. இன்றைய இளைஞர்களுக்கு இது கதைபோலத் தோன்றும். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்தன. அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின்பும் இருந்தன. கோவில் கட்டி முடித்த வேகத்தைவிட வேகமாக இந்த மாநிலத்தில் கடைகள் திறக்கவும் மூடவும் பட்டிருக்கின்றன.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த இராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வரி போனதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் விற்பனை வரி என்ற புது வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில், 1943-ல், கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியை மட்டும் நிறுத்தவில்லை! சுதந்திரத்துக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971 ஆகஸ்டு இறுதியில் அது ஒத்திவைக்கப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட இராஜாஜி, முதல்வர் கருணாநிதியைத் தேடிச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கடைகள் திறக்கப்பட்டன. 1973-ல் கள்ளுக் கடைகளையும் 1974-ல் சாராயக் கடைகளையும் அதே அரசே மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறப்பு. 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம். 1987-ல் கள்ளும் சாராயமும் மூடல். 1990-ல் மலிவு விலை மது. 1991-ல் ஜெயலலிதா ஆட்சியில் அதற்கும் மூடல். கடைசியாக 2003 இறுதியில் பிராந்திக் கடைகளின் சில்லறை விற்பனையையும் அரசு தன் கைக்கே எடுத்துக்கொண்டது. எந்தக் கட்சியையும் குறை சொல்ல இதை நான் அடுக்கவில்லை. எல்லாரும் திறந்திருக்கிறார்கள், எல்லாரும் மூடியிருக்கிறார்கள். இந்தப் பந்தலிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறீர்கள், சண்டை வேண்டாம்.

1971-ல் சந்தை மேட்டில் சாராயக் கடை வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அதற்கு முன் நம் ஊரில் யாரும் குடிக்கவில்லை என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டிவரும். தேரிக்காட்டில் ஊறல் பானை புதைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதைத் தேடி இருட்டில் முள்ளிலும் மணலிலும் நடக்க வேண்டும், போலீசுக்கு அஞ்ச வேண்டும், ஊர்க் கண்ணுக்கு அஞ்ச வேண்டும். அத்தனையையும் தாண்டிப் போய்க் குடித்தவர்கள் சிலர். கடை வந்த பிறகு அந்தச் சிலர் பலரானார்கள். பனை ஏறி இறங்கிய களைப்போடு வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே கடை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மனிதர்கள் மாறவில்லை, கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த தூரம் மாறிவிட்டது. நான் இன்று சொல்ல வந்தது இந்தத் தூரத்தைப் பற்றித்தான்.

பனை என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. நம் பாட்டன் பூட்டன் சோறு தின்றது பனையால். ஒரே பாளை, ஒரே கலயம், ஒரே இரவு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடியற்காலையில் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பதநீரை விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி. மதுவிலக்குச் சட்டம் வந்தபோது பதநீர் இறக்கவும் உரிமம் வேண்டும் என்றார்கள். அதிகாரிகள் கலயத்தைக் கவிழ்த்துச் சுண்ணாம்பைச் சோதித்தார்கள். மடியில் கனமில்லாத பனையேறியும் அவர்களைக் கண்டால் நடுங்கினான். மாநிலத்தில் கள்ளுக்கு 1987-ல் வந்த தடையோ அதன்பின் வந்த எந்த ஆட்சியிலும் விலகவில்லை.

என் சித்தப்பா ஒருவர் எழுபது வயதுவரை பனை ஏறியவர். நான் மதுவிலக்குப் பற்றிப் பேசப் போனால் மடக்குவார். "ஏன் தம்பி, என் கலயத்துல சுண்ணாம்பு கொறஞ்சா குத்தம். அந்தப் பாட்டிலுக்கு சர்க்காரே லேபிளு ஒட்டி விக்குது. வாத்தியாருதான நீ, இது என்ன கணக்குன்னு சொல்லு" என்பார். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்தாறு பங்கு. அரசுக் கடைப் பிராந்தியில் 42.8 பங்கு என்று பாட்டில் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மெல்லியதைத் தடுத்துக் கடுமையானதை விற்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? கள்ளுக் கடையைத் திற என்று நான் கேட்கவில்லை. கட்டுப்பாடு என்றால் அது ஏழையின் கலயத்திலிருந்து தொடங்கி ஏழையின் கலயத்திலேயே முடிந்துவிடக் கூடாது என்கிறேன்.

நிற்க. கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்கள் சொல்லும் நியாயங்களையும் கேட்போம். அவற்றில் சில நல்ல நியாயங்கள்.

முதலாவது, கத்தோலிக்கர்களாகிய நமக்கே உரிய ஒன்று. "கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கவில்லையா? பீடத்தில் நாள்தோறும் இரசம் வைக்கவில்லையா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற வேதசாஸ்திரிகள் நம் ஊரில் உண்டு. உண்மைதான். நம் திருச்சபை மதுவைப் பாவம் என்று சொல்வதில்லை, வெறியைத்தான் பாவம் என்கிறது. சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டமே திருப்பலி இரசத்துக்கு விலக்கு அளித்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தபோதும் அப்படியே. ஆனால் கானாவூரில் இரசம் தீர்ந்துபோனதைக் கண்டு கவலைப்பட்டவர் நம் அன்னை. நம் ஊர் அன்னையர் எதைக் கண்டு கவலைப்படுகிறார்கள் என்று அந்தத் திண்ணைக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, "என் காசு, என் உடம்பு, அரசாங்கத்துக்கு என்ன?" என்பது. அளவோடு குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற மனிதர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களை நான் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமைக் கூலியில் எது உன் காசு, எது உன் பிள்ளையின் அரிசிக் காசு என்று யார் பிரித்துத் தருவது? கஞ்சாவைப் பாருங்கள். 1985-ல் போதைப் பொருள் சட்டம் வருமுன் நாட்டின் பல பகுதிகளில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே அது விற்றது. இன்று அப்படி ஒரு கடையைத் தெருவில் திறப்போம் என்றால் குடிக்கிறவர்களே கல்லெறிய வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு 100 கஜத்துக்குள் பீடி சிகரெட் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. எவரும் உரிமை போயிற்று என்று ஊர்வலம் போகவில்லை. ஆக, அரசு எல்லை போடலாமா என்பதில் நமக்குள் சண்டையில்லை. எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை.

மூன்றாவது நியாயம்தான் கனமானது: "கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும், ஜனங்கள் செத்துப்போவார்கள்." இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2016-ல் பீகார் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அங்கே சாரண் மாவட்டத்தில் நச்சுச் சாராயம் பலரைக் கொன்றது. ஆனால் நம் கள்ளக்குறிச்சியைப் பாருங்கள். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றிலும் அறுபதுக்கு மேற்பட்டோர் பாக்கெட் சாராயம் குடித்து மாண்டார்கள். அப்போது அரசுக் கடைகள் மூடியா இருந்தன? திறந்துதான் இருந்தன! கடைப் பாட்டிலைவிடப் பாக்கெட் மலிவு. அன்றாடக் கூலிக்காரர் மலிவைத் தேடிப் போனார்கள். கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் வராது என்பது பாதி உண்மைகூட இல்லை.

அந்தப் பாக்கெட்டில் கலந்திருந்தது மெத்தனால் என்ற ஆலைச் சரக்கு. வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைக் குடித்தால் உடம்புக்குள் அது எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குகிறது என்று ஒருவன் சொன்னால் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்கிற இயந்திரமும் உண்டு. இதை நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான்காவது, வருமானம். இதை அரசியல்வாதிகள் மேடையில் சொல்வதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இதுதான். அரசு சில்லறைக் கடையைத் தொடங்கிய 2003-04-ல் மதுவினால் வந்த வரி ஏறத்தாழ 3,600 கோடி ரூபாய். 2023-24-ல் அது 45,000 கோடியைத் தாண்டியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்கள் தாமே வரி விதித்துக்கொள்ளும் பொருள்கள் பலவும் கையைவிட்டுப் போயின. மது அந்த வலைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. எனவே நிதியமைச்சர் எவராயினும் கை நீளுகிற இடம் இதுதான். இதில் வேடிக்கை, இந்த வருமானத்தைத் திரட்டுகிற துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை! கடையை நடத்துகிறவரும் கடைக்குக் காவல் நிற்பவரும் ஒருவரே. பரீட்சை எழுதுகிற பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்?

இந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்குச் சைக்கிள், பெண்களுக்கு உதவித்தொகை என்கிறார்கள். இருக்கலாம். அப்பன் பையிலிருந்து எடுத்து மகள் கையில் கொடுப்பதற்கு நடுவே அப்பனின் ஈரல் போய்விடுகிறதே, அந்தக் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

சரி, கட்டுப்பாட்டினால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? புத்தகத்தை விட்டுவிட்டு நம் ஊருக்கே வருகிறேன். என் மாணவர் ஒருவர், நல்ல கொத்தனார். இந்தக் கோவில் முகப்பில் பூச்சு வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவர். பெயர் வேண்டாம், பலருக்குத் தெரியும். அவருடைய துணைவியாரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுங்க சார், நாலு பேருக்காவது உதவட்டும்" என்றார் அந்தத் தாய். 2016 மே மாதம், தேர்தல் முடிந்த கையோடு, அரசு 500 கடைகளை மூட உத்தரவிட்டது. மீதிக் கடைகளைக் காலை பத்து மணிக்குப் பதில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்க வைத்தது. சில மாதம் கழித்து அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி. கேட்டேன். "சார், நான் ஒண்ணும் திருந்தலை. முன்னாடி வேலைக்குப் போற வழியிலேயே கடை தொறந்திருக்கும், அதோட அன்னைக்கு வேலை போச்சு. இப்ப பன்னெண்டு மணி வரைக்கும் என்ன செய்ய? சாரத்துல ஏறிடுதேன். ஏறிட்டா சாயங்காலம் வரைக்கும் வேலை ஓடிருது" என்றார்.

இரண்டு மணி நேரம்! ஒரு பிரசங்கம் செய்யாததை, ஒரு மனைவியின் கண்ணீர் செய்யாததை, இரண்டு மணி நேரப் பூட்டு செய்தது. வாரத்தில் நான்கு நாள் கூலி வீட்டுக்கு வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள்.

ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் நான் பொய்யனாவேன். 2017-ல் நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் ஒரே மூச்சில் மூடப்பட்டன. நல்ல தீர்ப்பு, வண்டி ஓட்டுபவனுக்கும் கடைக்கும் நடுவே தூரம் வைத்த தீர்ப்பு. ஆனால் நெடுஞ்சாலையை விட்ட கடைகள் எங்கே போயின? ஊருக்குள் வந்தன. மாநிலம் எங்கும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நம் ஊருக்கு வந்த கடைதான் இப்போது கோவில் தெரு திரும்பும் முனையில் இருக்கிறது. அந்தக் கொத்தனார் வீட்டிலிருந்து எண்ணி எண்பது அடி. 2019-ல் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, நாற்பத்து நான்கு வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று நானும் மண் போட்டேன். கடை அங்கே வராதிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. பத்து ஆண்டு வந்திருப்பாரோ என்னவோ.

அந்த அடக்கம் முடிந்ததும் நாங்கள் சிலர் நாடாவைப் பிடித்து அளந்தோம். 2003-ஆம் ஆண்டு விதிப்படி, வழிபாட்டுத் தலத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். நம் கோவில் வாசலிலிருந்து 118 மீட்டர் வந்தது. ஆக யாரும் தவறு செய்யவில்லை. கடை சட்டப்படி சரியான இடத்தில்தான் இருக்கிறது. கோவிலுக்கு 100 மீட்டர், பள்ளிக்கு 100 மீட்டர் என்று எழுதிய விதியில், குடிகாரனின் வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று ஒரு வரி இல்லை.

கட்டுப்பாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020-ல் கொரோனா ஊரடங்கில் நாற்பது நாளுக்கு மேல் எல்லாக் கடையும் அடைபட்டது. பல வீடுகளில் நிம்மதி வந்தது. அதே நாள்களில் வார்னிஷைக் குடித்து மாண்டவர்களும் நம் மாநிலத்தில் இருந்தார்கள். பல ஆண்டாகக் குடித்து ஊறிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதுபோலத் தெரியும். அது நடிப்பு அல்ல, உயிருக்கே ஆபத்தான நோய். வைத்தியம் இல்லாத மதுவிலக்கு, கட்டிலைக் கொடுக்காமல் ஆஸ்பத்திரியின் கதவை மட்டும் பூட்டுவதுபோல. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பூட்டு என்று நான் கேட்கவில்லை. கடைகளைக் குறை, நேரத்தைக் குறை, குடியிருப்புத் தெருவில் வைக்காதே, இருபத்தொரு வயதுக்குக் கீழ் விற்காதே என்ற விதியைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பையன்களிடம் பாட்டில் நீட்டாதே. இந்த ஆண்டு இத்தனை கோடி வருமானத்தை இழக்கப் போகிறேன் என்று வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுது. 2023 ஜூனில் 5,329 கடைகளில் 500 மூடப்பட்டன. அந்த 500-க்குப் பின் அடுத்த 500 எப்போது என்று கேட்பது நம் கடமை.

கேட்டால் நடக்குமா? ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா என்ற சிற்றூரில் 1992-ல் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த ஏழைப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பற்றியது. 1993-ல் சாராயமும் 1995 தொடக்கத்தில் எல்லா மதுவும் தடை செய்யப்பட்டன. 1997-ல் அரசு அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலேயே, குமரி மாவட்டத்தில், காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் ஒரு கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறி நின்று உயிரை விட்டார். வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் பக்கத்திலிருந்த ஒரே ஒரு கடைக்காக.

அரசாங்கத்தை இவ்வளவு கேட்டுவிட்டு நம்மைக் கேட்காமல் இறங்கினால் மேடை நாகரிகம் அன்று. அயர்லாந்தில் மேத்யூ என்ற கப்புச்சின் குருவானவர் 1838-ல் கார்க் நகரில் குடிக்க மாட்டேன் என்ற வாக்குறுதி இயக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் வாக்குக் கொடுத்தார்கள். சாராய விற்பனை பாதியாகச் சரிந்தது. பஞ்சத்துக்குப் பின் அந்த வேகம் போயிற்று. அந்த நாட்டுத் தலைநகரில் மாட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் மதுக் கிடங்கில் வேலைக்குப் போய் அங்கேயே குடிக்கக் கற்றவர். 1884-ல், இருபத்தெட்டாம் வயதில், முதலில் மூன்று மாதத்துக்கு என்று வாக்குக் கொடுத்தார். நாற்பத்தோர் ஆண்டு, சாகும்வரை, காப்பாற்றினார். அவர் கண்டுபிடித்த உபாயம் என்ன தெரியுமா? சட்டைப் பையில் காசு வைத்துக்கொள்வதில்லை! கடை அவர் தெருவிலேயே இருந்தது, அரசு அதை நகர்த்தவில்லை. தூரத்தை அவரே உண்டாக்கிக்கொண்டார். 1975-ல், நம் பங்கு உருவான அதே ஆண்டில், ஆறாம் பவுல் திருத்தந்தை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். நம் ஊர்க் கூலிக்காரர் அத்தனை பேரும் மாட் டால்பட் ஆகிவிட முடியாது. ஆனவர்களுக்குச் சட்டம் தேவையில்லை; ஆக முடியாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது தேவை.

இன்னொன்று. திருவிழாக் குழுவின் கணக்கை நான் ஒன்பது ஆண்டு பார்த்தேன். சப்பரம் தூக்குகிறவர்களுக்கு, பந்தல் போடுகிறவர்களுக்கு, வாணவேடிக்கைக்காரருக்கு என்று "இதரச் செலவு" என்ற தலைப்பில் ஒரு தொகை வரும். அது எதற்கு என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டேன். அன்னையின் சப்பரத்தைத் தூக்கிய தோள்களுக்கு நாமே பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கொத்தனார் பதினெட்டு வயதில் முதன்முதலாகக் குடித்தது அப்படிப்பட்ட ஒரு சப்பர இரவில்தான். அவரே என்னிடம் சொன்னார். அரசைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். தகுதி வந்த பிறகு கேட்கலாம் என்றால் கடை அங்கேயே இருந்துவிடும், அதனால் கேட்கிறேன்.

மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனு பாடற்குழுவினர் உட்காரும் பெஞ்சின் மேல் இருக்கிறது. கோவில் தெரு முனைக் கடையை ஊர்க் குடியிருப்பை விட்டு அகற்ற வேண்டும் என்பது கோரிக்கை. "அகற்றினால் அடுத்த கடை மூன்று கிலோமீட்டர், அங்கே போய்க் குடிப்பான்" என்று நேற்றுக்கூட ஒருவர் சொன்னார். போகட்டும். மூன்று கிலோமீட்டர் நடக்கட்டும். நடுவழியில் ஒருவனாவது வெயிலுக்குப் பயந்து திரும்பி வருவான். எனக்கு அது போதும். மகளிர் மன்றத்தார் அனைவரும் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஆண்கள் பக்கத்துத் தாளில் பகல் வரை பதினோரு பெயர்தான் இருந்தது. குடிக்கிறவர்களும் போடலாம், தடை இல்லை. அவர்கள் கையெழுத்துக்குத்தான் ஆட்சியரிடம் மதிப்பு அதிகம்.

அடுத்த ஞாயிறு முதல் வாரந்தோறும் மாலை ஐந்து மணிக்குப் பங்கு மண்டபத்தின் பின்னறையில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேச இடம் தருவதாகத் தந்தை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. பின்வாசல் திறந்திருக்கும், விளக்கு எரியும், கருப்பட்டிக் காப்பி உண்டு. இந்த ஆண்டு சப்பரக் கணக்கில் "இதரச் செலவு" என்ற வரி இருக்காது என்று குழுத் தலைவர் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடகப் பிள்ளைகள் திரையை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.